விளிம்பில் குறை இருந்தால் எரர் காயினா, அடிபட்ட காசா?

பொருநைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ஜங்ஷன் பக்கம் பெட்டிக்கடை. ராத்திரி கல்லாவைக் கொட்டிச் சில்லறையைப் பிரித்து அடுக்குவது என் வேலை. அப்படிப் பிரிக்கும்போது ஒரு 5 ரூபாய் கையில் இடறியது. 2011-ல் தொடங்கிய வரிசையில் வந்த, பித்தளை நிறச் சின்னக் காசு. சிங்கப் பக்கத்தை நேராகப் பிடித்தால் கடிகாரத்தில் 5 மணி இருக்கும் இடத்தில் ஒரு துண்டே இல்லை. உள்பக்கமாக வளைந்து வெட்டுப்பட்டிருக்கிறது. எரர் காயின் என்கிறார்களே, அப்படிக் காசு அடிக்கும் மிண்ட்டிலேயே தவறாக வந்திருக்குமா, இல்லை யாராவது அறுத்திருப்பார்களா? படம் போட்டிருக்கிறேன். கூடவே ஒரு ரூபாய் ஒன்றும் இருக்கிறது. அதன் விளிம்பு தடித்து உள்பக்கமாக மடங்கிய மாதிரி தெரிகிறது. அதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாகையடி முக்கு:
தம்பி, அரம் இருந்தால் அஞ்சு நிமிஷ வேலை இது. டவுனில் சந்தைக்கு வருகிறவர்கள் இந்த மாதிரி காசை 500, 1000 என்று சொல்லி விற்கிறார்கள். நான் பார்த்ததில் முக்கால்வாசி கையால் தேய்த்தது. படத்தை மட்டும் வைத்து நம்ப மாட்டேன். எடை என்ன?

லேத் பட்டறை:
எடை கேட்டது சரியான கேள்வி. ஆனால் எடை மட்டும் பதில் சொல்லாது. அறுத்தாலும் எடை குறையும், மிண்ட்டில் வெட்டுப்பட்டாலும் குறையும். அந்தக் காசுக்குச் சரியான எடை 6 கிராம், விட்டம் 23 மி.மீ. உங்கள் காசு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

நான் பேட்டைப் பக்கம் பவர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன். தகட்டில் வட்டம் வெட்டுவதுதான் அன்றாட வேலை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாணயம் முதலில் நீளமான உலோகப் பட்டையாக வருகிறது. அதிலிருந்து வெற்று வில்லைகளைப் பிரஸ்ஸில் வெட்டி எடுக்கிறார்கள். பூரிக்குத் தேய்த்த மாவில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய குழி மேல் டம்ளர் ஏறிவிட்டால் அடுத்த பூரியில் ஒரு பக்கம் குறையும் இல்லையா, அதேதான் இங்கேயும். பட்டை சரியான தூரம் நகரவில்லை என்றால் வட்டம் வெட்டும் பஞ்ச் பழைய துளையின் மேல் இறங்கும். வில்லை வளைவான குறையோடு விழும். பட்டையின் நுனியில் வெட்டினால் குறை நேர்கோடாக இருக்கும்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். வெட்டிய வில்லையை உருட்டி ஓரத்தை உள்நோக்கி அமுக்குகிற ஒரு இயந்திரம் உண்டு. விளிம்பு கொஞ்சம் எழும்பி நிற்பது அங்கேதான். வில்லை இரண்டு பக்கமும் பிடிபட்டு உருளும். ஒரு பக்கம் துண்டு இல்லை என்றால் அந்த இடம் வரும்போது பிடி தளர்ந்துவிடும். பிடி தளர்ந்தால் நேர் எதிர்ப்பக்கம் அழுத்தம் விழாது, அங்கே விளிம்பு எழும்பாது. பிறகு அச்சடித்தாலும் அந்த எதிர்ப்பக்க விளிம்பு மங்கலாக, தட்டையாகவே நிற்கும். சேகரிப்பவர்கள் இதை பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள்.

உங்கள் காசில் குறை 5 மணியில். அப்படியென்றால் 11 மணியில் விளிம்பைப் பாருங்கள். காசைப் பக்கவாட்டில் புரட்டினால் மறுபக்கத்தில் குறை 7 மணிக்குப் போகும், மங்கல் 1 மணிக்கு வரும். நம் ஊர்க் காசில் இரண்டு பக்கமும் தலை மேலேயே நிற்கும், அதனால் இந்தக் கணக்கு தப்பாது. இரண்டு பக்கமும் மங்கல் இருந்தால் தேய்த்தவன் அதைச் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு துண்டை அரத்தால் எடுக்கிறவன் எதிர்ப்பக்கத்தைப் பற்றி நினைப்பதே இல்லை.

வாகையடி முக்கு:
அண்ணாச்சி, எதிர்ப்பக்கம் மங்கியிருப்பது தேய்மானத்தாலும் வரலாமே. கல்லாவிலும் பையிலும் வருஷக்கணக்கில் கிடந்த காசுதானே.

லேத் பட்டறை:
வரலாம். ஆனால் தேய்மானம் இடம் பார்த்துத் தேய்க்காது. சிங்கத்தின் முகம், எழுத்து, விளிம்பு எல்லாமே சேர்ந்து வழவழப்பாகும். உள்ளே எழுத்து கூர்மையாக இருந்து, விளிம்பு மட்டும் ஒரே இடத்தில், அதுவும் குறைக்கு நேர் எதிரே மங்கியிருந்தால் அது தேய்மானம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மங்கல் இல்லை என்பதற்காக உடனே போலி என்றும் தள்ளக் கூடாது. குறை சின்னதாக இருந்தால் மங்கல் தெரியாமலே போகலாம். இருந்தால் பலமான சாட்சி, இல்லையென்றால் வேறு சாட்சி தேட வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டுப்பட்ட முகத்தையும் பாருங்கள். பஞ்ச் வெட்டிய உலோகத்தில் ஒரு பாதி பளபளப்பாகவும் மறுபாதி கிழிந்த மாதிரி சொரசொரப்பாகவும் இருக்கும். அதன் பிறகு அச்சின் அழுத்தம் பட்டதால் அந்த முகம் லேசாக வெளியே உப்பியும் இருக்கும். அரம் போட்டிருந்தால் ஒரே திசையில் இணையாகக் கோடுகள் ஓடும். ரம்பம் என்றால் ஓரத்தில் பிசிர் நிற்கும். லென்ஸ் இல்லையென்றால் போன் கேமராவை உருப்பெருக்கி, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

பொருநைக்கரை:
தெரிந்த நகைப்பட்டறையில் தராசில் வைத்துப் பார்த்தேன். 5.68 கிராம். 11 மணியில் விளிம்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நகத்தை வைத்து இழுத்தால் மற்ற இடங்களில் தடுக்குகிறது, அங்கே மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. மறுபக்கத்தில் அண்ணாச்சி சொன்ன 1 மணியிலும் அப்படித்தான். வெட்டிய முகத்தில் இணைக்கோடு எதுவும் இல்லை. இன்னொரு விஷயமும் கவனித்தேன். சிங்கத்துக்கு வலப்பக்கம் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருக்கிறதே, அதில் கடைசி எழுத்தின் கால் குறை இருக்கும் பக்கமாக இழுபட்டு நீண்டிருக்கிறது. புதுப் படங்கள் போட்டிருக்கிறேன்.

லேத் பட்டறை:
அந்த இழுபட்ட எழுத்து போதும் தம்பி. அச்சு இறங்கும்போது உலோகம் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே ஓடும். குறை இருந்த இடத்தில் தடுக்க ஒன்றும் இல்லை, அதனால் எழுத்து அந்தப் பக்கம் நீண்டுவிட்டது. அச்சடித்த பிறகு வெட்டியிருந்தால் எழுத்து முழுதாக இருக்கும், இல்லை பாதியில் அறுபட்டு நிற்கும், நீளாது. என் கணிப்பில் இது மிண்ட்டில் வந்த வளைவு வெட்டுதான்.

வாகையடி முக்கு:
இந்தப் படங்களைப் பார்த்தால் நானும் ஒத்துக்கொள்வேன். நல்ல காசு தம்பி, செலவழித்துவிடாதே.

அம்பாசமுத்திரத்து டீச்சர்:
அந்த ஒரு ரூபாயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. படத்தைப் பார்த்தேன். விளிம்பு சுற்றிலும் ஒரே சீராகத் தடித்து, உள்பக்கமாகச் சாய்ந்து, எழுத்துகளின் வெளிநுனியை மூடியிருக்கிறது. என் மாணவர்கள் கொண்டுவரும் காசுகளில் இந்த ரகத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். மிண்ட் தவறு இல்லை. சுழலும் இயந்திரத்துக்குள் காசு மாட்டிக்கொண்டு, டிரம்மின் சுவரில் நிற்காமல் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தால் ஓரம் இப்படி அடிபட்டு உள்ளே மடங்கும். துணி உலர்த்தும் டிரம், கலவை மெஷின் எல்லாவற்றிலும் நடக்கிறது.

விட்டத்தை அளந்து பாருங்கள். 2011 வரிசை ஒரு ரூபாய்க்கு 22 மி.மீ. இருக்க வேண்டும். அடிபட்டு மடங்கிய காசு அதைவிடச் சிறுத்திருக்கும், ஓரம் தடித்திருக்கும், எடை மட்டும் அனேகமாக மாறியிருக்காது. மிண்ட்டில் காலர் வளையத்துக்குள் வைத்து அடித்த காசு விட்டம் சிறுத்து வெளியே வர வழியே இல்லை.

பொருநைக்கரை:
வெர்னியரில் 21 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறது டீச்சர். புரிந்தது, நன்றி. காலர் வளையம் என்றால் என்ன?

லேத் பட்டறை:
அச்சு இரண்டு. கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவில் வில்லையைச் சுற்றி நிற்கும் எஃகு வளையம்தான் காலர். அடி விழும்போது உலோகம் வெளியே பரவாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். ஓரத்தில் கோடு போட்ட காசுகளுக்கு அந்தக் கோடும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது.

விளிம்பில் வரும் உண்மையான தவறுகளில் பாதி இந்தக் காலரோடு சம்பந்தப்பட்டவை. காலர் மேலே வராமல் போனால் காசு தட்டையாகப் பரவி, வழக்கமான விட்டத்தைவிடப் பெரிதாகிவிடும். ஓரம் வழவழவென்று, கோடே இல்லாமல் இருக்கும். காலர் பாதி உயரத்தில் மாட்டிக்கொண்டால் ஓரத்தில் படி விழும். காசைப் படுக்கவைத்து பக்கத்திலிருந்து பார்த்தால் பாதி உயரம் உள்வாங்கியும் பாதி உயரம் வெளியே துருத்தியும் தெரியும். இதைக் கையால் செய்வது கஷ்டம், அதனால் நான் இதை மிகவும் மதிக்கிறேன். கல்லாவில் காசை அடுக்கி வைத்தாலே இது கண்ணில் படும், அடுக்கு சீராக நிற்காது.

அழுத்தம் கூடிப்போனால் அச்சுக்கும் காலருக்கும் இடையே இருக்கும் மெல்லிய இடுக்கில் உலோகம் ஏறி, விளிம்பின் மேல் கத்தி மாதிரி ஒரு பிசிர் நிற்கும். விரலைக் கீறும். பார்க்க அழகு, ஆனால் இது அடிக்கடி வருவதுதான். பெரிய விலை கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி:
என்னிடம் ஒரு 2 ரூபாய் இருக்கிறது. விளிம்போடு ஒட்டி ஒரு கட்டி. பற்ற வைத்தது மாதிரி தெரிகிறது. எழுத்தின் ஒரு பகுதி அதற்குள் மூழ்கிவிட்டது. மிண்ட் தவறு என்று எதிர்பார்க்கலாமா?

லேத் பட்டறை:
எதிர்பார்க்கலாம். அச்சின் ஓரம் உடைந்து ஒரு சில்லு விழுந்துவிட்டால், அடி விழும்போது அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் ஏறி இப்படிக் கட்டியாக நிற்கும். சோதிக்க வழி உண்டு. அந்தக் கட்டிக்கு நேர் பின்னால், மறுபக்கத்தில் பாருங்கள். உலோகம் இந்தப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டதால் அங்கே எழுத்தோ வடிவமோ பலவீனமாக இருக்க வேண்டும். பின்பக்கம் முழுக் கூர்மையோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். 2011 வரிசை 2 ரூபாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்தில் ஒட்டும். ஈயப் பற்று வைத்திருந்தால் கட்டி மட்டும் நிறத்தில் வேறாகவும், ஊசியால் கீறினால் மெத்தென்றும் இருக்கும்.

கட்டி என்பது உலோகம் கூடுதலாக எழும்பி நிற்பது. பள்ளமாக இருந்தால் அது வேறு கதை. அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே கிரீஸோ தூசியோ மாட்டியிருக்கும், இல்லையென்றால் பிறகு அடிபட்டிருக்கும்.

கண்டக்டர்:
எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் சந்தேகம். 10 ரூபாய்க் காசில் ரூபாய்க் குறியீடு இல்லாதது, இருப்பது என்று இரண்டு வருகிறது. ஒன்று எரர் என்று பயணிகள் சொல்கிறார்கள். இன்னும் சிலர் அதைக் கொடுத்தால் வாங்கவே மாட்டேன் என்று சண்டைக்கு வருகிறார்கள். தென்காசி வரை போய் வருவதற்குள் இதைப் பற்றியே எத்தனை பேச்சு.

அம்பாசமுத்திரத்து டீச்சர்:
இரண்டும் நல்ல காசு தம்பி. ரூபாய்க் குறியீடு 2010-ல்தான் அறிமுகமானது, 2011 முதல் காசில் வந்தது. அதற்கு முந்தின 10 ரூபாயில் குறியீடு இருக்காது. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் 14 வடிவங்களில் 10 ரூபாய் புழக்கத்தில் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு குறையும்.

வடிவம் மாறியது தவறு ஆகாது. எந்த மிண்ட்டில் அடித்தது என்று காட்டும் குறி வருஷத்துக்குக் கீழே இல்லை என்பதும் தவறு ஆகாது. கொல்கத்தாவில் அடித்த காசில் குறியே கிடையாது. மும்பை வைரக் குறி, ஹைதராபாத் நட்சத்திரம், நொய்டா புள்ளி. இதைத் தெரியாமல்தான் குறியில்லாத காசை எரர் என்று விற்கிறார்கள்.

மேலப்பாளையம்:
அதே 10 ரூபாயில் நடு வட்டம் இல்லாமல் வெறும் வளையம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆன்லைனில் ஒருவர் 20,000 கேட்கிறார். நியாயமா?

லேத் பட்டறை:
பத்திரம். 10 ரூபாயில் வெளிவளையமும் நடு வட்டமும் தனித்தனி வில்லை. இரண்டையும் பிரஸ்ஸில் சேர்த்து வைத்து ஒரே அடி. அந்த அடியில்தான் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இறுகுகிறது. சுத்தியலால் தட்டினால் நடு வட்டம் கழன்றுவிடும், அது ரொம்பச் சுலபம். அப்படிக் கழன்ற வளையத்தின் உள்சுவரில், நடு வட்டம் பதிந்து இறுகிய தடம் அப்படியே நிற்கும். நடு வட்டம் இல்லாமலே அடிவாங்கிய வளையத்தில் உலோகம் உள்நோக்கி ஓடி, துளை சற்றே சிறுத்து, உள்விளிம்பு உருண்டிருக்கும். உள்சுவரின் படம் இல்லாமல் யாராவது விலை சொன்னால் பேச்சையே வளர்க்க வேண்டாம்.

நடு வட்டம் ஒரு பக்கமாக விலகி, வளையத்தின் மேல் ஏறி நிற்பது நல்ல எரர். அதில் வடிவம் இரண்டு உலோகத்தின் மேலும் தொடர்ச்சியாக ஓட வேண்டும்.

வாகையடி முக்கு:
விலை பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு மெசேஜ் வந்தது. அவருடைய வைஷ்ணவ தேவி 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று. ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் வேறு. கட்டினார், போனது போனதுதான். பழைய காசு வாங்கி விற்பதற்கு ரிசர்வ் வங்கி கட்டணமோ கமிஷனோ கேட்பதே இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே எச்சரித்தார்கள். அந்த வைஷ்ணவ தேவி காசு 2012-ல் நினைவு நாணயமாக வந்தது, புழக்கத்திலும் நிறையக் கிடந்தது. பணம் முதலில் உங்கள் பக்கமிருந்து போக வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பரை பிளாக் செய்யுங்கள்.

ஸ்ரீவைகுண்டம்:
எங்கள் ஊர்ப் பக்கம் குளம் தூர்வாரும்போது கிடைத்த செம்புக் காசு ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தாத்தா வைத்திருக்கிறார். ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன். உருவம் பாதி வெளியே போய்விட்டது, விளிம்பும் இல்லை, ஓரம் வெடித்திருக்கிறது. இதை ஆஃப் சென்டர் எரர் என்று சொல்லலாமா?

அம்பாசமுத்திரத்து டீச்சர்:
சொல்லக் கூடாது அய்யா. நீங்கள் சொல்வது ராஜராஜன் காலச் சோழர் காசின் வகை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. பாண்டியரின் மீன் காசு, நாயக்கர் காசு எல்லாமே கையால் அடித்தவை. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவே செம்புத் துண்டு, மேலிருந்து சுத்தியல். காலர் கிடையாது, விளிம்பு எழுப்பும் வேலையும் கிடையாது. பல நேரம் செம்புத் துண்டே அச்சைவிடச் சின்னது. உருவம் முழுதாக விழுந்த காசுதான் அதில் அபூர்வம். ஓரம் வெடிப்பது செம்பு ஆறிப்போன பிறகு அடித்ததால் வருவது. பிரஸ் காலத்துக் காசுக்கு உள்ள இலக்கணத்தை இதன் மேல் போட்டுப் பார்ப்பது அந்தப் பட்டறைக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து தாத்தாவிடம் சொல்லுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பழம்பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நீங்கள் இருப்பது ஆதிச்சநல்லூருக்குப் பக்கம். எந்தக் குளத்தில், எந்த ஆழத்தில், கூட என்ன கிடைத்தது என்ற விவரம் காசைவிடப் பெரியது. கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் சொல்லலாம். புளி போட்டுத் தேய்க்க மட்டும் விடாதீர்கள்.

பொருநைக்கரை:
டீச்சர், புளி போட்டால் என்ன ஆகும்? நான் அந்த 5 ரூபாயைத் தேய்க்கலாம் என்று இருந்தேன். அம்மா விளக்கு தேய்க்கப் புளி ஊறவைத்திருக்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்து டீச்சர்:
வேண்டவே வேண்டாம். புளியின் அமிலம் மேல்பரப்பைத் தின்றுவிடும். அச்சு விழுந்தபோது உலோகம் ஓடிய மெல்லிய கோடுகள் எல்லாம் போய்விடும். இத்தனை நேரம் நாம் பேசிய சாட்சி முழுக்க அந்தப் பரப்பில்தான் இருக்கிறது. பிறகு உண்மையான காசையே நிரூபிக்க முடியாமல் போகும். நல்ல தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஒற்றி எடுத்து உலரவிடுங்கள். மெத்தென்ற பிவிசி உறையில் போடாதீர்கள், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். காகித உறை நல்லது.

செங்கோட்டைச் சாரல்:
ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் திருவிதாங்கூர்க் காசுகள் நிறைய. 1956-ல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை நாங்கள் அந்தப் பக்கம்தானே. ஒரு காசு, நாலு காசு, எட்டு காசு, ஒரு சக்கரம் எல்லாம் இருக்கிறது. பதினாறு காசு ஒரு சக்கரம் என்று ஆச்சி இன்னும் கணக்குச் சொல்வார். அவற்றோடு ஓட்டைக் காலணா ஒன்று, 1944. துளை நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி, கொஞ்சம் பெரிதாகவும் இருக்கிறது. எரராக இருக்குமா அண்ணாச்சி?

லேத் பட்டறை:
1943 முதல் 1947 வரை செம்பை மிச்சப்படுத்த அடித்த காசு அது. துளை விலகி வந்த காலணா உண்மையிலேயே உண்டு. ஆனால் அதை வாஷராகப் போட்டு ஆணி அடித்தவர்களும், துளையை அகலப்படுத்திக்கொண்டவர்களும் நிறையப் பேர். பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. பஞ்ச் ஒன்றுதான், அது தள்ளிப்போகலாம், பெரிதாக முடியாது.

பெட்டியில் வேறு ஓட்டைக் காலணா இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் துளையை மட்டும் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். துளையின் உள்சுவரையும் படம் எடுங்கள். டிரில் ஓடியிருந்தால் சுற்றுச் சுற்றாகக் கோடு தெரியும். துளையைச் சுற்றி இருக்க வேண்டிய வடிவம் அறுபட்டிருக்கிறதா, இல்லை நசுங்கி நீண்டிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். சக்கரக் காசுகளின் படத்தையும் போடுங்கள், எல்லாருமே பார்க்க ஆசைப்படுவோம்.